கட்டுரை தேடலில் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

"இருபது கட்டுரையாவது படிச்சுட்டு வாங்க" என்று நெறியாளர் சொல்லி அனுப்பியிருப்பார். தலைப்பை அப்படியே தேடல் பெட்டியில் தட்டினால், ஒன்று லட்சக்கணக்கில் கொட்டும், இல்லையென்றால் திரை காலியாகக் கிடக்கும். இரண்டு நாள் இப்படிப் போனால் "என் தலைப்பில் யாரும் ஆய்வே செய்யவில்லை போல" என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். முதுகலை ஆய்வேட்டின்போது நானும் அந்த முடிவுக்கு வந்தேன். அதை முதல் இயலில் ஒரு வாக்கியமாகவே எழுதியும் கொடுத்தேன். நெறியாளர் அந்த வாக்கியத்தின் ஓரத்தில் பதினொரு கட்டுரைகளின் பெயரைப் பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அவர் என்னைவிட அதிக நேரம் தேடியிருக்க வாய்ப்பில்லை. வேறு சொல்லில் தேடியிருந்தார், அவ்வளவுதான்.

இந்த வழிமுறையை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ, அந்த அறிகுறிக்கு நேரே போய்விடலாம். விளக்கத்துக்கு ஒரே கேள்வியைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்: இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களுக்குத் தூக்கம் குறைவதால், மருந்து கொடுப்பதில் தவறுகள் கூடுகின்றனவா? உங்கள் துறை வரலாறாக இருந்தாலும் பொறியியலாக இருந்தாலும் கோளாறுகள் பெரும்பாலும் இவையேதான். தேடல் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். பெட்டியில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## கை வைப்பதற்கு முன் இரண்டு வேலை

முதல் வேலை, கேள்வியை உடைப்பது. மேலே உள்ள கேள்வியில் நான்கு துண்டுகள் இருக்கின்றன: செவிலியர், இரவுப் பணி, தூக்கக் குறைவு, மருந்துத் தவறு. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அதே பொருள் தரும் மற்றச் சொற்களை எழுதுங்கள். 'நைட் ஷிஃப்ட்' என்பதன் கீழே 'ஷிஃப்ட் வொர்க்', 'ரொட்டேட்டிங் ஷிஃப்ட்'. 'ஸ்லீப் டெப்ரிவேஷன்' என்பதன் கீழே 'ஃபட்டீக்', 'ஸ்லீப்பினஸ்'. 'மெடிகேஷன் எரர்' என்பதன் கீழே 'டிரக் எரர்', 'பேஷண்ட் சேஃப்டி'. தாக்கம், விளைவு, உறவு, பங்கு போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். அவை ஆய்வேட்டுத் தலைப்புக்கு அழகு சேர்க்கும், தேடலுக்குச் சுமை.

இரண்டாவது வேலை, ஒரு நோட்டு. தேதி, எந்தத் தளம், பெட்டியில் தட்டியது அப்படியே எழுத்துக்கு எழுத்து, எத்தனை வந்தது, எப்படி இருந்தது. ஐந்தே விஷயம்தான். இது இல்லாமல் கீழே உள்ள எந்தச் சிகிச்சையும் பலிக்காது. ஏனென்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். சொல்லையும் மாற்றி, ஆண்டையும் மாற்றி, தளத்தையும் மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

## அறிகுறி: ஆயிரம், லட்சம் என்று கொட்டுகிறது

எங்கே தேடினீர்கள் என்று முதலில் பாருங்கள். கூகுள் ஸ்காலர் என்றால் எண்ணிக்கையைக் கண்டு பயப்பட வேண்டாம். அது பல கட்டுரைகளின் முழு உரைக்குள்ளும் தேடுகிறது. எங்கோ ஒரு அடிக்குறிப்பில் செவிலியர் என்ற சொல் வந்தாலும் கணக்கில் சேர்த்துவிடும். மேலே காட்டும் எண் தோராயமானது. ஒரு தேடலுக்கு அதிகபட்சம் 1000 முடிவுகளைத்தான் உங்களால் புரட்டவும் முடியும். இரண்டு லட்சம் என்று போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி உங்கள் கண்ணில் படவே போவதில்லை.

சரி, குறைப்பது எப்படி? எல்லாரும் முதலில் கை வைப்பது ஆண்டு வடிகட்டியில். "கடந்த ஐந்து ஆண்டு" என்று போட்டதும் எண்ணிக்கை சட்டென்று இறங்கும், மனம் நிம்மதியாகும். ஆனால் பொருந்தாத பழைய கட்டுரைகளுக்குப் பதில் பொருந்தாத புதிய கட்டுரைகள் கிடைக்கும், வேறொன்றும் நடக்காது. ஆண்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நான்கு துண்டுகளில் எதையாவது விட்டுவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். விட்டிருந்தால் 'ஆண்ட்' (இரண்டு சொல்லும் வர வேண்டும் என்று பொருள்) போட்டுச் சேருங்கள். கூகுள் ஸ்காலரில் அதைத் தட்ட வேண்டியதில்லை, சொற்களுக்கு நடுவே இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். அப்புறம், இரட்டைச் சொற்களை மேற்கோள் குறிக்குள் அடையுங்கள். குறி இல்லாமல் 'நைட் ஷிஃப்ட்' என்று தட்டினால், பல தளங்களில் 'நைட்' ஓரிடத்திலும் 'ஷிஃப்ட்' பத்துப் பக்கம் தள்ளியும் வரும் கட்டுரைகள்கூட உள்ளே வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் குறையவில்லையென்றால் தேடும் இடத்தைச் சுருக்குங்கள். பப்மெட், ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களில் தலைப்பிலும் ஆய்வுச் சுருக்கத்திலும் மட்டும் தேடச் சொல்லலாம். ஒரு கட்டுரை உண்மையிலேயே மருந்துத் தவறுகளைப் பற்றியது என்றால், அந்தச் சொல் சுருக்கத்திலாவது வராமல் இருக்காது. கூகுள் ஸ்காலரில் 'இன்டைட்டில்' என்று தட்டி முக்காற்புள்ளி வைத்துச் சொல்லைச் சேர்த்தால் தலைப்பில் மட்டும் தேடும்.

எதுவும் பலிக்கவில்லையா? கேள்வியே பெரிதாக இருக்கிறது. "செவிலியர்களும் களைப்பும்" என்பது ஒரு பாடநூலுக்கான தலைப்பு. தேடலைத் திருத்தி அதைச் சரிசெய்ய முடியாது, நெறியாளரோடு உட்கார்ந்துதான் சரிசெய்ய வேண்டும்.

## அறிகுறி: ஒன்றுமே வரவில்லை, அல்லது நாலைந்துதான் வருகிறது

சில்லறைக் காரணங்களை முதலில் தீர்த்துவிடுவோம். எழுத்துப்பிழை. முழு வாக்கியத்தையும் மேற்கோள் குறிக்குள் அடைத்தது. "முழு உரை மட்டும்" என்ற பெட்டியில் டிக் போட்டிருப்பது. இது போட்டிருந்தால் உங்கள் நூலகம் வேறு வழியில் வாங்கித் தரக்கூடிய கட்டுரைகள்கூட மறைந்துவிடும். அதை எடுத்துவிட்டு மறுபடி தேடுங்கள்.

அடுத்து, சரியான கடையில்தான் நிற்கிறீர்களா? ஜேஸ்டோர் 1995-இல் பழைய ஆய்விதழ்களைச் சேமிக்கத் தொடங்கப்பட்டது. அங்குள்ள பல இதழ்களுக்குக் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டு இதழ்கள் கிடைக்காது. வரலாறு, இலக்கியம் படிப்பவருக்கு அது சுரங்கம். செவிலியர் பணி பற்றிப் புதிதாக வந்ததைத் தேடுபவருக்கு அங்கே வேலையில்லை. நம் கேள்விக்கு மருத்துவத் தரவுத்தளமான பப்மெட்டும் செவிலியர் துறைத் தரவுத்தளமான சினாலும் முதல் இடம். கல்வியியலுக்கு எரிக், உளவியலுக்கு சைக்இன்ஃபோ, இயற்பியல், கணிதம், கணினியியலுக்கு ஆர்க்கைவ். உங்கள் துறைக்கு எது என்று தெரியாவிட்டால் நூலகரிடம் கேளுங்கள். பத்து நிமிட வேலை, பத்து நாள் மிச்சம்.

அப்புறம், நான்கு துண்டையும் 'ஆண்ட்' போட்டுக் கட்டியிருந்தால் ஒன்றை அவிழ்த்துப் பாருங்கள். எதை அவிழ்ப்பது? ஆசிரியர்கள் சுருக்கத்தில் எழுதாமல் விடக்கூடியதை. மருத்துவமனையில் மருந்துத் தவறு என்றாலே செவிலியர் பேச்சு வந்துவிடும். ஆகவே செவிலியரை எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் வைத்துத் தேடலாம்.

ஆனால் இந்த அறிகுறிக்கு நான் பார்த்த வரையில் முக்கியக் காரணம் ஒன்றுதான்: உங்கள் சொல்லும் துறையின் சொல்லும் வேறு. நாம் தமிழில் யோசிக்கிறோம், அகராதியைப் பார்த்து ஆங்கிலமாக்குகிறோம், அதைத் தட்டுகிறோம். இரவுப் பணியை நம் வாய் 'நைட் டியூட்டி' என்று சொல்லும்; ஆய்விதழ்களில் அதிகம் புழங்குவது 'நைட் ஷிஃப்ட்'. என் ஆய்வேட்டில் நடந்ததும் இதேதான். முதியோரைப் பற்றிய ஆய்வு அது. நான் 'ஓல்ட் பீப்பிள்' என்றே தேடிக்கொண்டிருந்தேன், துறையினர் 'ஓல்டர் அடல்ட்ஸ்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நெறியாளர் எழுதிக் கொடுத்த பதினொன்றில் ஒன்பதை என் கண்ணிலிருந்து மறைத்தது அந்த ஒரு சொல்.

அகராதி இங்கே உதவாது. ஓரளவு பொருந்தும் கட்டுரை ஒன்று கிடைத்தால் போதும்: அதன் தலைப்பு, சுருக்கம், கீழே ஆசிரியர்கள் கொடுத்திருக்கும் திறவுச்சொற்கள் மூன்றையும் வாசித்து, உங்கள் தாளில் இல்லாத சொற்களை அந்தந்தக் கட்டத்தில் சேருங்கள். ஒரே கட்டத்துச் சொற்களை 'ஆர்' போட்டு இணையுங்கள், கட்டங்களை 'ஆண்ட்' போட்டு இணையுங்கள். 'ஆர்' சேர்க்கச் சேர்க்க முடிவுகள் பெருகும், 'ஆண்ட்' சேர்க்கச் சேர்க்கக் குறையும். இது தலைகீழாக மனத்தில் பதிந்தவர்கள் நிறையப் பேர்.

சொற்களுக்கு வயதும் உண்டு. அறிவுசார் மாற்றுத்திறனை இன்று 'இன்டலெக்சுவல் டிசபிலிட்டி' என்கிறார்கள். பழைய கட்டுரைகள் 'மென்டல் ரிடார்டேஷன்' என்று எழுதின. அந்தப் பழைய சொல்லை உங்கள் ஆய்வேட்டில் எழுதக் கூடாது, ஆனால் தேடலில் விட்டுவிட்டால் பல பத்தாண்டு ஆய்வுகள் கைநழுவும். பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் வேறுபாட்டையும் மறக்க வேண்டாம். 'பிஹேவியர்' ஒரு யூ எழுத்தோடும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். பெயர்கள் இன்னும் மோசம்: ரஷ்ய இசைமேதை சாய்கோவ்ஸ்கி ஆங்கில எழுத்துகளில் டி-யில் தொடங்கியும் வருவார், சி-யில் தொடங்கியும் வருவார்.

## அறிகுறி: எண்ணிக்கை சரி, ஆனால் வருவதெல்லாம் சம்பந்தமில்லாதவை

எனக்குப் பிடித்த கோளாறு இது. சரிசெய்ய வேண்டிய தகவல் முழுவதும் திரையிலேயே இருக்கும்.

முதல் இருபது தலைப்புகளை வாசியுங்கள். எதையும் திறக்க வேண்டாம். பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஏன் பொருந்தவில்லை என்று இரண்டு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். நம் தேடலில் இப்படி ஒன்று நடக்கும். 'நர்ஸ்', 'நர்சஸ்', 'நர்சிங்' எல்லாவற்றையும் ஒரே அடியில் பிடிக்க, சொல்லின் முதல் நான்கு எழுத்தைத் தட்டி நட்சத்திரக் குறி போடுவோம். நல்ல உத்திதான். ஆனால் அந்த வலையில் 'நர்சரி'யும் விழும். அதைவிட வேடிக்கை, ஆங்கிலத்தில் 'நர்சிங்' என்றால் குழந்தைக்குப் பாலூட்டுவது என்றும் பொருள். அதோடு இரவையும் தூக்கத்தையும் சேர்த்துத் தேடினால், இரவில் எழுந்து பாலூட்டும் தாய்மார்களைப் பற்றிய கட்டுரைகள் வரிசைகட்டி நிற்கும். கணினி தவறே செய்யவில்லை.

இருபதில் எட்டு இதே காரணத்தால் பிசகியிருந்தால் ஒரு திருத்தம் எட்டையும் தீர்க்கும்: நட்சத்திரக் குறியை விட்டுவிட்டு 'நர்ஸ்', 'நர்சஸ்', 'நர்சிங் ஸ்டாஃப்' என்று தனித்தனியாக எழுதி 'ஆர்' போடுங்கள். (கூகுள் ஸ்காலரில் இந்தக் குறியால் பயனில்லை, சொல்லின் மற்ற வடிவங்களை அது தானாகவே தேடிக்கொள்ளும்.)

இங்கே எல்லாருக்கும் வரும் ஆசை ஒன்று உண்டு. 'நாட்' போட்டுக் குப்பையை வெட்டிவிடலாமே? வெட்டலாம், ஆனால் சதையும் சேர்ந்து போகும். குழந்தைகள் வேண்டாம் என்று 'நாட் சில்ட்ரன்' போட்டால், பெரியவர்களையும் குழந்தைகளையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரையும் போய்விடும். "இந்த ஆய்வில் குழந்தைகளைச் சேர்க்கவில்லை" என்று சுருக்கத்தில் எழுதியிருக்கும் கட்டுரையும் போய்விடும். போனது தெரியவும் தெரியாது. நான் 'நாட்' பயன்படுத்துவதையே விட்டுவிட்டேன்.

நல்ல மருந்து பொருள் தலைப்புகள்தான். பல தரவுத்தளங்களில் ஒவ்வொரு கட்டுரையும் எதைப் பற்றியது என்று ஒரு கட்டுப்பாடான சொற்பட்டியலிலிருந்து முத்திரை குத்தியிருப்பார்கள். மருத்துவத்துக்கு அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பராமரிக்கும் மெஷ் பட்டியல் இருக்கிறது. ஆசிரியர் 'ஹார்ட் அட்டாக்' என்று எழுதினாலும் வேறெப்படி எழுதினாலும் முத்திரை 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்றுதான் இருக்கும். 'எய்ட்ஸ்' என்று தட்டியவருக்குக் காது கேட்கும் கருவி பற்றிய 'ஹியரிங் எய்ட்ஸ்' வருவதையும் இந்த முத்திரை தடுக்கும். நம் கேள்விக்கு 'மெடிகேஷன் எரர்ஸ்', 'ஸ்லீப் டெப்ரிவேஷன்' இரண்டும் மெஷ் பட்டியலில் அப்படியே இருக்கின்றன. எரிக், சைக்இன்ஃபோ, சினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. ஒன்றின் முத்திரை இன்னொன்றில் செல்லாது. பப்மெட்டிலேயே எல்லாப் பதிவுகளுக்கும் மெஷ் முத்திரை கிடையாது. ஆகவே முத்திரையையும் சாதாரணச் சொற்களையும் 'ஆர்' போட்டுச் சேர்த்தே தேட வேண்டும்.

குப்பை முழுக்க ஒழியும் என்று எதிர்பார்க்காதீர்கள். தேடல் அமைப்புகளை 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சோதித்துப் பார்த்த சிரில் கிளெவர்டன் குழுவினர் கண்டது இது: பொருந்துவது எதுவும் தப்பாமல் பிடிக்க வலையை அகலப்படுத்தினால் பொருந்தாதவையும் கூடவே வரும், சுத்தமாக வேண்டும் என்று இறுக்கினால் நல்லவை சில நழுவும். வகுப்புக் கட்டுரைக்கு இறுக்கமான வலை போதும். ஆய்வேட்டுக்கு மூன்றில் ஒன்று பொருந்தினாலே நான் திருப்தியடைந்துவிடுவேன்.

## அறிகுறி: அதே சொற்கள்தான், ஆனால் முடிவு தாறுமாறாக மாறுகிறது

பெரும்பாலும் அடைப்புக்குறிக் கோளாறு. 'ஃபட்டீக் ஆர் நைட் ஷிஃப்ட் ஆண்ட் நர்சஸ்' என்று அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால், பப்மெட் இடமிருந்து வலமாகவே கணக்கிடும்: களைப்பு அல்லது இரவுப் பணி, அதில் செவிலியர் வருபவை. நீங்கள் நினைத்ததுதான். அதையே 'நர்சஸ் ஆண்ட் நைட் ஷிஃப்ட் ஆர் ஃபட்டீக்' என்று புரட்டிப் போட்டால், செவிலியரே இல்லாத களைப்புக் கட்டுரைகள் அத்தனையும் வந்து சேரும். வேறு தளங்களில் 'ஆண்ட்'டுக்கு முன்னுரிமை, 'ஆர்' பிறகு என்று விதி இருக்கலாம். விதியை மனப்பாடம் செய்வதைவிட 'ஆர்' வரும் ஒவ்வொரு கொத்தையும் அடைப்புக்குறிக்குள் போடுவது சுலபம். 'ஆண்ட்', 'ஆர்', 'நாட்' மூன்றையும் பெரிய எழுத்தில் தட்டுவதும் பழக்கமாகட்டும். பப்மெட் அதை எதிர்பார்க்கிறது.

இன்னொன்று, வேர்டில் எழுதிவைத்த தேடலை ஒட்டுவது. வேர்ட் நேரான மேற்கோள் குறியை அழகாக வளைத்துவிடும், சில தளங்களுக்கு அந்த வளைந்த குறி புரியாது. தேடல்களை நோட்பேடில் எழுதிவையுங்கள்.

மூன்றாவது, ஒட்டிக்கொண்ட வடிகட்டி. பப்மெட்டில் ஒரு தேடலுக்குப் போட்ட ஆண்டு வடிகட்டி, நீங்கள் நீக்கும்வரை அடுத்த தேடலுக்கும் தொடரும். ஒரு மதியம் முழுவதும் இதில் தொலைத்திருக்கிறேன். மேம்பட்ட தேடல் பக்கத்தில் தேடல் வரலாறும், உங்கள் சொற்களைத் தளம் எப்படிப் புரிந்துகொண்டது என்ற விவரமும் இருக்கும். சந்தேகம் வந்தால் நேரே அங்கே போங்கள்.

## அறிகுறி: ஒரு கட்டுரை இருப்பது தெரியும், ஆனால் என் தேடலில் அது வரவில்லை

இதை நல்வாய்ப்பு என்றே சொல்வேன். உங்கள் தேடல் வேலை செய்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. நெறியாளர் சொன்னது, வகுப்பில் படித்தது என்று, பொருத்தமானவை என உறுதியாகத் தெரிந்த மூன்று முதல் ஐந்து கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தேடல் அவற்றைப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால், முதலில் கட்டுரையின் தலைப்பை மட்டும் தட்டி அது அந்தத் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தளத்தின் குறை, சொல்லின் குறை அல்ல. இருந்தால், தலைப்போடு உங்கள் நான்கு கட்டங்களை ஒவ்வொன்றாக 'ஆண்ட்' போட்டுத் தேடுங்கள். எந்தக் கட்டம் சேரும்போது கட்டுரை மறைகிறதோ, அங்கேதான் ஓட்டை. சுருக்கத்தைத் திறந்து பார்த்தால் உங்கள் தாளில் இல்லாத சொல் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். நீங்கள் 'நைட் ஷிஃப்ட்' என்று தேடியிருப்பீர்கள். அவர்கள் 'லாங் வொர்க் ஹவர்ஸ்' என்று எழுதியிருப்பார்கள். அதைச் சேர்த்ததும் இந்த ஒரு கட்டுரையோடு நிற்காது, இதுவரை கண்ணில் படாத இன்னும் பல வரும்.

அதே கட்டுரையிலிருந்து இரண்டு பக்கமும் நடக்கலாம். பின்னோக்கி நடந்தால் அதன் மேற்கோள் பட்டியல். முன்னோக்கி நடந்தால், பிற்பாடு அதை மேற்கோள் காட்டியவர்கள். கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் மூன்றிலும் 'சைட்டட் பை' போன்ற இணைப்பு இருக்கும். அமெரிக்க வழக்கறிஞர்கள், ஒரு பழைய தீர்ப்பைப் பின்னர் எந்தெந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டின என்று பார்க்க 1873 முதலே ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அதை அறிவியலுக்குக் கொண்டுவரலாம் என்று 1955-இல் யூஜின் கார்ஃபீல்ட் எழுதியதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ். இந்த நடையின் அருமை என்னவென்றால், இதற்குச் சொல்லே தேவையில்லை. நீங்கள் என்ன சொல்லில் தேடினாலும் சிக்காத கட்டுரையை மேற்கோள் சங்கிலி பிடித்துக்கொடுத்துவிடும். 'சைட்டட் பை' பட்டியல் பெரிதாக இருந்தால், அந்தப் பட்டியலுக்குள்ளேயே தேடும் வசதி கூகுள் ஸ்காலரில் இருக்கிறது.

நடந்துகொண்டே இருக்கும்போது இரண்டு மூன்று ஆய்விதழ்களின் பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பீர்கள். நூலகர் சாமுவேல் பிராட்ஃபோர்ட் 1934-இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: எந்தப் பொருளை எடுத்தாலும் கட்டுரைகளில் பெரும்பங்கு ஒரு சில இதழ்களில் குவிந்திருக்கும், மிச்சம் ஏராளமான இதழ்களில் ஒன்றிரண்டாகச் சிதறிக்கிடக்கும். அந்தச் சில இதழ்களின் கடைசி இரண்டு மூன்று ஆண்டுப் பொருளடக்கத்தைக் கண்ணால் ஓட்டிவிடுங்கள். பழங்கால முறைதான், ஆனால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

## அறிகுறி: கட்டுரை தெரிகிறது, திறக்கப் பணம் கேட்கிறது

பணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து பார்க்கிறீர்கள் என்றால் நூலகத் தளத்தின் வழியாக உள்நுழைந்து மறுபடி முயலுங்கள். பாதிக் கதவுகள் அங்கேயே திறந்துவிடும். கூகுள் ஸ்காலர் அமைப்புகளில் உங்கள் நூலகத்தின் பெயரைச் சேர்த்துவைக்கலாம். அங்கேயே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதை அழுத்தினால் ஆசிரியர் தன் நிறுவனக் களஞ்சியத்தில் வைத்திருக்கும் பிரதி சில நேரம் கிடைக்கும். அன்பேவால் என்ற இலவச உலாவி நீட்சி இந்தச் சட்டப்பூர்வப் பிரதிகளைத் தானே தேடிக் காட்டும். அதுவும் இல்லையென்றால் நூலகங்களுக்கு இடையிலான இரவல், அல்லது ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல். தன் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்றால் பெரும்பாலானவர்களுக்கு மகிழ்ச்சிதான்.

## அறிகுறி: கிடைத்துவிட்டது, ஆனால் நம்பலாமா என்று தெரியவில்லை

'பியர் ரிவ்யூட்' வடிகட்டியைப் போட்டுவிட்டேனே என்பீர்கள். பல தளங்களில் அந்த வடிகட்டி பார்ப்பது இதழைத்தான், கட்டுரையை அல்ல. சக ஆய்வாளர் மதிப்பீடு செய்யும் இதழிலும் தலையங்கம், நூல் மதிப்புரை, வாசகர் கடிதம் எல்லாம் வரும். அவை வடிகட்டியைத் தாண்டி உள்ளே வந்துவிடும். கட்டுரையைத் திறந்து, முறையியல் என்ற பகுதி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஆர்க்கைவ் போன்ற தளங்களில் இருப்பவை முன்வரைவுகள், அங்கே மதிப்பீடு நடப்பதில்லை. பயன்படுத்தலாம், முன்வரைவு என்று குறிப்பிட வேண்டும். பிற்பாடு இதழில் வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் இன்னொரு பள்ளம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998-இல் லான்செட்டில் வந்த கட்டுரை 2010-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. பழைய பிடிஎஃப் ஒன்று யாருடைய கணினியிலாவது இருந்தால் அதில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை இருக்காது. ஆகவே முக்கியமான கட்டுரைகளை இதழின் சொந்தப் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் தேடலாம், மேற்கோள்களைச் சேமித்துவைக்கும் செயலியான ஜோட்டெரோவில் சேமித்தால் அதுவே எச்சரிக்கும்.

இதழே சந்தேகமாக இருந்தால், திறந்த அணுக்க இதழ்களுக்கு (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை) டிஓஏஜே பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தா கட்டிப் படிக்கும் இதழ்கள் அதில் இருக்காது, அது குற்றமல்ல.

## அறிகுறி: ஏஐ தந்த மேற்கோள் எங்கேயுமே இல்லை

தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைத் திறந்து பாருங்கள். இரண்டும் கைவிட்டால் அந்தக் கட்டுரை பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். டிஓஐ திறந்தாலும், திறந்தது அதே கட்டுரைதானா என்று பாருங்கள். உண்மையான எண்ணோடு கற்பனைத் தலைப்பு ஒட்டியிருப்பதும் உண்டு. அரட்டைச் செயலி சொன்ன, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5000 டாலர் அபராதம் விதித்தது. ஆய்வேட்டில் தண்டனை வேறு மாதிரி வரும். நான் ஏஐயிடம் கட்டுரை கேட்பதில்லை, "இந்தக் கருத்துக்குத் துறையில் வேறு என்ன சொற்கள் புழங்குகின்றன" என்று கேட்பேன். அது சொல்லும் சொற்களைத் தரவுத்தளத்தில் தட்டிப் பார்த்தால் மெய்யா பொய்யா என்று உடனே தெரிந்துவிடும்.

## அறிகுறி: தேடி முடிக்கவே முடியவில்லை

புதிய சொல்லில் தேடினாலும் ஏற்கெனவே சேமித்தவையே வருகின்றன. புதிதாகக் கிடைத்த கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் பாதிக்கு மேல் உங்களிடம் இருக்கிறது. இவை இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தால் நிறுத்திவிடுங்கள். மீதியை எழுதும்போது தேடிக்கொள்ளலாம். எழுதத் தொடங்கியதும் எது குறைகிறது என்று தெளிவாகத் தெரியும், அப்போது தேடல் கூர்மையாகவும் இருக்கும்.

நிறுத்தும் நாளில், நன்றாக வேலை செய்த தேடலைத் தரவுத்தளத்தில் கணக்குத் தொடங்கிச் சேமித்து, புதிய கட்டுரை வந்தால் மின்னஞ்சலில் அறிவிக்கும்படி செய்துவிடுங்கள். வாரம் ஒருமுறை போதும். முறையியல் இயலில் எங்கே, எப்போது, எந்தச் சொல்லில் தேடினீர்கள் என்று எழுத வேண்டி வந்தால் அந்த நோட்டைப் பார்த்து அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அறிவிப்பை நிறுத்த மறக்காதீர்கள். எனக்கு இன்னும் முதியோரைப் பற்றி வாரம் நாலைந்து கட்டுரை வந்துகொண்டிருக்கிறது, 'ஓல்டர் அடல்ட்ஸ்' என்ற சொல்லோடு.